பேதிப் பலகை

தண்ணீர்மலையிலிருந்து இறங்கி வரும் ஆறு செம்மண் நிறத்துக்கு மாறிவிட்டால் துறையில் இருக்கும் அத்தனை துவைகல்லும் காலியாகிவிடும். அந்தத் தண்ணீரில் வெள்ளைக்காரத் துரையின் கால்சட்டையை முக்கினால் அது காவி வேட்டியாகத்தான் வெளியே வரும். வருஷம் முழுக்க மழை பெய்கிற ஊர்தான் பினாங்கு. ஆனாலும் ஐப்பசியில் பத்து நாள் விடாமல் பெய்து ஆற்றை அடியோடு கலக்கிவிட்டுப் போகிற மழை ஒன்று உண்டு. சலவைக்காரர்களுக்கு அதுதான் விடுமுறை. அந்த நாட்களில் மற்ற வீட்டுக்காரர்கள் தூங்கினார்கள், சீட்டாடினார்கள், கள்ளுக்கடைக்குப் போய்விட்டு வழி தெரியாமல் திரும்பி வந்தார்கள். பிச்சைமுத்து வீட்டில் மட்டும் பேதிக்குச் சாப்பிட்டார்கள்.

இதைக் கேட்டு முகத்தைச் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை வயிற்றைக் கழுவி விட்டுவிட்டால் அடுத்த ஐப்பசி வரை காய்ச்சலும் சொறியும் பித்த மயக்கமும் அண்டாது என்பது அந்த வீட்டு நம்பிக்கை. வீட்டு நம்பிக்கை என்று சொல்வதைவிட பிச்சைமுத்துவின் மனைவி மீனாட்சியின் நம்பிக்கை என்று சொல்வதுதான் சரி. கப்பலேறி வந்த ஐந்தாம் வருஷம், ஒரே கார்த்திகை மாதத்தில், இரண்டு பெண் பிள்ளைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள் அவள். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து தவறாமல் இந்த மருந்து நடக்கிறது. வந்த நோயை விரட்டுவதில் அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. வராமல் தடுப்பதில்தான் மிச்சம் இருந்த பிடிவாதம் எல்லாவற்றையும் வைத்திருந்தாள்.

வீட்டில் மூன்று பேர். பிச்சைமுத்து, மீனாட்சி, பிச்சைமுத்துவின் தம்பி நல்லமுத்து. நான்காவதாகத் தங்கராஜு என்று ஒரு கூலியாள் இருந்தான். முப்பது வயது. கடலுக்கு அக்கரையில் சுங்கை பாக்காப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவன், மூன்று வருஷத்துக்கு முன் இங்கே வந்து சேர்ந்தான். இஸ்திரி மேசைக்கு அடியில் படுப்பான். வீட்டார் சாப்பிட்டு எழுந்த பிறகு சாப்பிடுவான். அப்படி யாரும் சட்டம் போடவில்லை, அவனாக வைத்துக்கொண்ட வழக்கம். போன இரண்டு ஐப்பசியிலும் மருந்து நாளன்று வெளுத்த துணிகளைக் கொண்டுபோய்க் கொடுக்க அவனைத்தான் அனுப்பினார்கள். இந்த வருஷம் ஆறு சிவந்த அன்று மாலையே அவன் மீனாட்சி முன்னால் வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"என்ன தங்கராஜு?"

"ஒண்ணுமில்லக்கா. இந்தத் தடவை எனக்கும் குடுங்களேன்."

"எதை?"

"மருந்து."

நல்லமுத்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மதினி, பாத்தீங்களா, பேதி மருந்தக் கேட்டு வாங்கிக் குடிக்கிற மொத ஆளு இவன்தான். நான் வருஷா வருஷம் எங்கடா ஓடி ஒளியலாம்னு பாக்குறேன். என் பங்கையும் நீயே குடிச்சுருடா, லா."

தங்கராஜு சிரிக்கவில்லை. மீனாட்சி அவனை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "சரி, ஒனக்கும் சேத்து வாங்கியாறேன்" என்றாள்.

மறுநாள் காலையில் குடையைப் பிடித்துக்கொண்டு கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைக்குப் போனாள். பள்ளிவாசலுக்கு எதிர்ச்சாரியில், அத்தர்க் கடைக்கும் கயிற்றுக் கடைக்கும் நடுவே அப்துல் ரசாக் மரைக்காயரின் நாட்டு மருந்துக் கடை இருந்தது. இளவயதில் நாகூரில் ஒரு ஆயுர்வேத வைத்தியரிடம் உரல் இடித்துப் பழகியவர். வேர்களை முகர்ந்து பார்த்தே வயசு சொல்லுவார்.

"வா தங்கச்சி. ஆறு செவந்துருச்சா?"

"நேத்தே செவந்துருச்சு மரைக்காயரே."

"அப்ப ஒனக்கு ஐப்பசி வந்தாச்சு." அவர் சிரித்தபடி சிவதை வேரை எடுத்து நிறுத்தார். "ஏட்டுல என்ன எழுதிருக்கு? மழை விட்டு வெயில் வர்றப்ப ஒடம்புல பித்தம் கெளம்பும், அப்பப் பாத்துக் கழிச்சு விடணும்னு எழுதிருக்கு. இந்த ஊருல மழை எப்ப விடுது, வெயில் எப்ப வருது? காலைல வெயில், மத்தியானம் மழை. ஏட்டை எழுதுனவரு இங்க வந்து ஒரு வருஷம் இருந்துருந்தா எழுத்தாணியக் கடல்ல வீசிட்டுப் போயிருப்பாரு."

"எங்களுக்கு ஆத்துத் தண்ணிதான் ஏடு. அது சொன்னாச் சரி."

"அதுவும் நல்ல ஏடுதான். மூணு பேருக்குத்தானே?"

"இல்ல, இந்தத் தடவை நாலு."

மரைக்காயர் தராசிலிருந்து கண்ணை எடுத்தார். "நாலாவது யாரு? சொந்தமா?"

"எங்க வீட்டுல இருக்கிற பையன்" என்றாள் மீனாட்சி. முப்பது வயதுக்காரனைப் பையன் என்றது அவள் காதுக்கே விநோதமாக இருந்தது.

அவர் கடுக்காயையும் சுக்கையும் வேரோடு சேர்த்து இடிக்கச் சொல்லிவிட்டு, வழக்கமாகச் சொல்வதை மறுபடி சொன்னார். சொல்லாமல் அவர் மருந்து கொடுத்ததே இல்லை. "மூணு நாள் காலைல உருக்குன நெய்யி. நாலாம் நாள் வேது புடிக்கணும். அஞ்சாம் நாள் விடியக்காலம் மருந்து. காய்ச்சல்காரனுக்குக் குடுக்காதே. ஏற்கெனவே வயிறு இளகிப் போறவனுக்குக் குடுக்கவே குடுக்காதே. ஒடைஞ்ச கரைல நாமளே மம்பட்டியப் போட்ட மாதிரி ஆயிரும். குடுக்குறதுக்கு முந்தி கேட்டுக்க."

"கேக்காம இருப்பனா?"

"இன்னொண்ணு. அக்கரைல பெராய்க்கு அந்தப் பக்கம் ஏதோ தோட்டத்துல காலரா கண்டிருக்குன்னு பாசார்ல பேசிக்கிறாங்க. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க."

மீனாட்சி அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

மூன்று நாள் நெய் குடித்தார்கள். இரண்டாம் நாள் தங்கராஜு, தோட்டத்தில் இருக்கும் தன் அக்காவைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் புறப்பட்டான். மிச்ச நெய்யை ஒரு குப்பியில் ஊற்றிக் கையில் கொண்டுபோனான். ஒரு நாள் கூடத் தவறவிடக் கூடாதாம். நாலாம் நாள் மதியம் திரும்பி வந்தபோது காலிக் குப்பியைக் கழுவித் துடைத்து மீனாட்சியிடம் கொடுத்தான்.

அன்று மாலை வேது. இதில் சலவைக்காரர் வீட்டுக்கு ஒரு வசதி உண்டு. வீட்டுப் பின்புறம் வெள்ளாவி அடுப்பு இருக்கிறது. உவர்மண்ணில் ஊறிய துணிகளைப் பானைமேல் அடுக்கி விடிய விடிய ஆவியில் வேகவைக்கிற அடுப்பு. ஆறு கலங்கிய நாட்களில் துணிக்குப் பதிலாக ஆட்களை அதைச் சுற்றி உட்காரவைத்தாள் மீனாட்சி. பானையில் நொச்சி இலையையும் வேப்பிலையையும் போட்டு மூடியைத் திறந்துவிட்டு, நாலு பேரும் ஒரே கம்பளிக்குள் தலையைக் கொடுத்தார்கள். கம்பளிக்குள்ளிருந்து நல்லமுத்துவின் குரல் மட்டும் கேட்டது.

"அண்ணே, நல்லா வெந்துட்டோம். இனிமே எடுத்து நீலம் போட்டுக் கஞ்சில முக்கிட வேண்டியதுதான்."

"வாயத் தொறக்காதடா, ஆவி போயிரும்" என்றார் பிச்சைமுத்து. தங்கராஜுவும் சிரித்தான். அவன் அப்படி வாய்விட்டுச் சிரித்து அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

விடிந்ததும் மீனாட்சி பலகையை எடுத்து வந்து பின்வாசல் தூணில் சாய்த்தாள். உடைந்த இஸ்திரிப் பலகை அது. மேலே ஒவ்வொருவருக்கும் ஒரு அடையாளம். துணிக் கழுத்துப்பட்டையில் யார் வீட்டுத் துணி என்று தெரிவதற்காக வைப்பார்களே, அதே மாதிரி. அவர்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. நானூறு வீட்டு அடையாளம் மட்டும் தலைக்குள் இருந்தது. பிச்சைமுத்துவுக்குப் பெருக்கல், நல்லமுத்துவுக்கு வட்டம், தனக்கு மூன்று புள்ளி. ஒவ்வொரு தடவை போய் வரும்போதும் அதற்குக் கீழே கரியால் ஒரு கோடு. எட்டுக்குக் குறைந்தால் மருந்து பிடிக்கவில்லை. பன்னிரண்டு தாண்டினால் மோர் கொடுத்து நிறுத்திவிட வேண்டும். மரைக்காயர் சொல்லிக்கொடுத்த அளவு இது.

"ஒனக்கு என்ன போடட்டும் தங்கராஜு?"

அவன் யோசித்து வைத்திருந்தான் போலிருக்கிறது. "பிறை போட்டு, உள்ளுக்குள்ள ஒரு கோடு. தோட்டத்துல பால் வெட்டுற உளி அந்த மாதிரித்தான் இருக்கும்."

அவள் போட்டாள். அவன் கிட்ட வந்து குனிந்து பார்த்தான். பிறகு நாலு டம்ளரில் கஷாயத்தை ஊற்றி, மேலே விளக்கெண்ணெய் விட்டு, ஒவ்வொருவரிடமும் அவள் கேட்டாள்.

"காலைல வயிறு எப்படி? இளக்கமா ஏதும் உண்டா?"

"கல்லு மாதிரி இருக்கு" என்றார் பிச்சைமுத்து.

"எனக்கும்" என்றான் நல்லமுத்து.

"ஒண்ணுமில்லக்கா" என்றான் தங்கராஜு. டம்ளரை வாங்கி ஒரே மடக்கில் குடித்தான்.

ஒன்பது மணி வரை எல்லாம் கேலியும் கிண்டலுமாகத்தான் போயிற்று. வாழை மரங்களுக்குப் பின்னால் கிடுகு கட்டி மறைத்த இடத்துக்கு முன்னால் நல்லமுத்துவும் பிச்சைமுத்துவும் யார் முந்தி என்று சண்டை போட்டார்கள். திரும்பி வருகிறவர்கள் தாங்களே சத்தமாக எண்ணிக்கையைச் சொன்னார்கள். மீனாட்சி கோடு போட்டாள், நடுவில் தானும் ஓடிவிட்டு வந்து தனக்கும் போட்டுக்கொண்டாள்.

பத்து மணிக்கு வாசலில் குடையோடு ஒரு ஆள் வந்து நின்றார். காக்கிச் சட்டை, கையில் புத்தகம். சுகாதார இலாகாவில் டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெஸ்ஸர். யாழ்ப்பாணத்துக்காரர். அக்கரைத் தோட்டத்தில் காலரா கண்டதால் ஆற்றங்கரை வீடுகளை எல்லாம் பார்த்துக்கொண்டு வருகிறார்.

"இந்த வீட்டில ஆருக்கும் வயித்தால போகுதோ?" என்று கேட்டார்.

பிச்சைமுத்து வேட்டியை இறுக்கிக்கொண்டே பெருமையாகச் சொன்னார். "எல்லாருக்கும் போகுதுங்க!"

டிரெஸ்ஸர் இரண்டு எட்டுப் பின்னால் போனார். "எல்லாருக்குமோ? எப்ப இருந்து?"

"விடியக்காலத்துல இருந்து. நான் ஆறு, தம்பி ஏழு."

அவர் புத்தகத்தைத் திறந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் பிச்சைமுத்துவுக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று உறைத்தது. மீனாட்சி பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். மருந்து என்றாள். வருஷா வருஷம் என்றாள். மரைக்காயர் பேரைச் சொன்னாள். மிச்சமிருந்த கஷாயச் சட்டியைக் கொண்டுவந்து அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

டிரெஸ்ஸர் விளக்கெண்ணெய் வாடையில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "எங்கட அம்மாவும் இதைத் தந்து எங்கட உயிரை வாங்கினவதான். அது வேற. இப்ப ஊரில காலரா. வயித்தால போற ஆளைக் கண்டால் தீவுக்கு அனுப்பவேணும், வீட்டில இருக்கிற மிச்ச ஆட்களையும் அனுப்பவேணும். அதுதான் எனக்குச் சொல்லியிருக்கினம்."

"ஐயா, மருந்துல போறது மோர் குடிச்சா நின்னுரும். நோயில போறது நிக்காது. சாயங்காலம் நாலு மணிக்கு வந்து பாருங்க. நிக்கலேன்னா நானே ஒங்க கூட வர்றேன்."

அவர் பலகையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். மழைத் துளி அவர் புத்தகத்தில் விழுந்து மையைக் கரைத்தது. "நாலு மணி. அதுவரைக்கும் ஒருத்தரும் வீட்டை விட்டு வெளிக்கிடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

தீவு என்றால் அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். கப்பலில் வந்து இறங்கியதும் நோய் இருக்கிறதா என்று பார்க்க முதலில் அடைத்து வைக்கிற இடம் அதுதான். எல்லாரும் அதன் கொட்டகைகளில் படுத்து எழுந்து வந்தவர்கள்தான். அப்போது பக்கத்துப் பாயில் படுத்திருந்தவர்களில் எழுந்திருக்காதவர்களும் உண்டு.

பதினோரு மணிக்கே மீனாட்சி எல்லாருக்கும் மோர் கொடுத்துவிட்டாள். இஞ்சி தட்டிப் போட்டு, உப்புப் போட்டு, ஆளுக்கு இரண்டு டம்ளர். பிச்சைமுத்து ஒன்பதில் நின்றார். நல்லமுத்து பதினொன்றில் நின்றான். தனக்கு எட்டு. மதியம் குழையக் காய்ச்சிய கஞ்சியும் வறுத்த துவரம்பருப்புத் துவையலும் வைத்தாள். இருவரும் வயிறு காலியானவர்களுக்கே உரிய சாதுவான முகத்தோடு குடித்தார்கள்.

தங்கராஜு குடித்த மோரை அப்படியே வாந்தி எடுத்தான். கோடு பதினான்கு ஆயிற்று. பதினேழு ஆயிற்று. அதற்குப் பிறகு அவனால் வாழை மரம் வரை நடக்க முடியவில்லை. பழைய சாக்கை விரித்து, அவனைப் படுக்கவைத்து, மீனாட்சியே சுத்தம் செய்தாள். போனது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருந்தது. அதில் நாற்றம்கூட இல்லை. கெண்டைக்கால் கல்லாக முறுக்கிக்கொண்டது. அவள் தேய்த்துவிடும்போது கால் சில்லென்று இருந்தது. காலையில் இருந்த முகம் இப்போது இல்லை, கண் உள்ளே போய்விட்டிருந்தது.

இருபத்து மூன்றாவது கோட்டைப் போட்டுவிட்டுக் கரித்துண்டைக் கீழே வைத்தாள். "இது நம்ம மருந்து இல்ல" என்றாள்.

பிச்சைமுத்துவும் அதைப் புரிந்துகொண்டு வெகு நேரம் ஆகியிருந்தது. மணி மூன்று. அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"நான் சொல்றதக் கேளு. தள்ளுவண்டில படுக்க வச்சு மேல துணி மூட்டையப் போட்டுரலாம். நல்லமுத்து துறைமுகம் வரைக்கும் தள்ளிட்டுப் போவான். சம்பான்ல ஏத்தி அக்கரைல விட்டா அவன் அக்கா வீட்டுக்குப் போயிருவான்."

"தோட்டத்துக்கா? அங்கருந்துதான் இத வாங்கிட்டே வந்துருக்கான்."

"இங்க வச்சுக்கிட்டு என்ன பண்ணச் சொல்ற? நாலு பேரையும் அள்ளிட்டுப் போயிருவான். உள்ள நூத்தம்பது துணி கெடக்குது. அம்புட்டையும் கொளுத்திருவாங்க. துறையில நம்ம கல்லு சும்மா கெடந்தா மறுநாளே வேற எவனாவது ஏறி நிப்பான். பதினஞ்சு வருஷமா அந்தக் கல்லுல நின்னு என் முதுகு வளைஞ்சு போச்சுடி."

தங்கராஜு தலையைத் திருப்பினான். குரல் உடைந்து, காற்று மாதிரி வந்தது. "அனுப்பிருங்கக்கா. அண்ணே சொல்றதுதான் சரி. தீவுக்கு வேணாம்."

"பாத்தியா, அவனே சொல்றான்" என்றார் பிச்சைமுத்து. பிறகு யாரையும் பார்க்காமல் எழுந்து போய், கட்டை விரலைத் தண்ணீரில் தொட்டு, பலகையில் இருந்த பிறையை அழித்தார். அதன் கீழே இருந்த கோடுகளையும் உள்ளங்கையால் துடைத்தார். "அந்த ஆளு வந்தா மூணு பேருன்னு சொல்லிக்கலாம்."

காலையில் நாலு அடையாளத்தையும் டிரெஸ்ஸர் பார்த்துவிட்டுப் போனது அந்த நேரத்தில் அவருக்கு ஞாபகம் வரவில்லை. பயம் வந்தவர்களுக்கு இப்படித்தான். அவர் கெட்டவர் இல்லை. தங்கராஜுவுக்குக் கெண்டைக்கால் முறுக்கியபோது முதலில் ஓடிவந்து பிடித்துவிட்டவர் அவர்தான். ஆனாலும் அவர் துடைத்ததை மீனாட்சியால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"பெரியவளுக்குக் காய்ச்சல் வந்தப்ப என்ன சொன்னீங்க?"

பிச்சைமுத்து கரி படிந்த உள்ளங்கையை வேட்டியில் துடைத்தார்.

"வெளிய தெரிய வேணாம், ஆஸ்பத்திரிக்குப் போனா திரும்ப மாட்டான்னீங்க. நானும் தலைய ஆட்டுனேன். கதவச் சாத்தி வச்சுப் பாத்தேன். அஞ்சாம் நாள் அவ போனா. அப்புறமா சின்னவ. அப்ப வெளிய சொல்லிருந்தாப் பொழைச்சுருப்பாளான்னு எனக்குத் தெரியாது. ஒங்களுக்கும் தெரியாது. ஆனா நான் தெனம் இந்த அடுப்பு முன்னால ஒக்காந்து அதத்தான் நெனைக்கிறேன். இன்னொருத்தன வேற சேத்து நெனைக்க என்னால முடியாது."

"மதினி..." என்றான் நல்லமுத்து.

அவள் மாடத்திலிருந்த சேங்கொட்டையை எடுத்தாள். துணிக்கு அடையாளம் வைக்கிற கொட்டை. ஊசியைக் குத்தி அதன் பாலைத் தொட்டு, பலகையில் அவர் அழித்த அதே இடத்தில் பிறையைப் போட்டாள். உள்ளே ஒரு கோடு போட்டாள். மேலே சுண்ணாம்புத் தண்ணீரைத் தடவியதும் அது கன்னங்கரேல் என்று ஏறிற்று. அதற்குப் பிறகு அதை ஒன்றும் செய்ய முடியாது. உவர்மண்ணுக்கும் போகாது, வெள்ளாவிக்கும் போகாது. பிச்சைமுத்துவுக்கு அது தெரியும். அவர் அடுப்படியில் போய் உட்கார்ந்து கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரெஸ்ஸர் நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே வந்துவிட்டார். "என்ன, நின்றுட்டுதோ? வீட்டில எத்தினை பேர்?"

"நாலு பேருங்க" என்றாள் மீனாட்சி. "மூணு பேருக்கு நின்னுருச்சு. ஒருத்தனுக்கு நிக்கல. உள்ள வாங்க."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாலு பேர் கித்தான் தூளியைத் தூக்கி வந்தார்கள். தூக்கும்போது தங்கராஜு மீனாட்சியைப் பார்த்தான். அவன் கண்ணில் கோபம் இருந்ததா, பயம் இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை. மற்ற மூவரையும் இன்னொரு படகில் ஏற்றினார்கள். துணிகளைக் கொளுத்த வேண்டாம், இவர்கள் வெள்ளாவியிலேயே போட்டு அவித்துவிடலாம் என்று டிரெஸ்ஸர் மேலதிகாரியிடம் பேசிப் பார்த்தார். பாதியை அவித்தார்கள், பாதியைக் கொளுத்தினார்கள்.

தீவில் அவர்களைப் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். தங்கராஜு வேறு கொட்டகையில் இருந்தான். அந்தப் பக்கம் போக விடவில்லை. நாலாம் நாள் டிரெஸ்ஸர் வந்து கம்பிக்கு அப்பால் நின்று சொன்னார். நரம்பில் உப்புத் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள், கண்ணைத் திறந்துவிட்டான், இன்னும் இரண்டு மணி நேரம் போயிருந்தால் ஏற்றுவதற்கு நரம்பே கிடைத்திருக்காது. மீனாட்சி அன்றுதான் சோறு சாப்பிட்டாள். பிச்சைமுத்து தன் தட்டில் இருந்த கருவாட்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

வீடு திரும்பியபோது துறையில் அவர்கள் கல்லில் வேறொருவன் நின்றிருந்தான். பிச்சைமுத்து இரண்டு நாள் சத்தம் போட்டு அவனை இறக்கினார். வாடிக்கை வீடுகளில் ஐந்தாறு விட்டுப்போயிற்று.

கார்த்திகை பிறந்து ஒரு காலையில் தங்கராஜு வந்தான். மொட்டைத் தலை, எலும்பும் தோலும். நேராக நிற்கவும் தெம்பில்லை. மீனாட்சி கஞ்சி ஊற்றினாள். அவன் இரண்டு வாய் குடித்துவிட்டுப் பலகையைப் பார்த்தான். தூணில்தான் இருந்தது.

"அக்கா, அன்னிக்கு எனக்கு எத்தனை கோடு?"

"இருபத்தி மூணு."

"இருபத்தி ஏழு."

அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"மருந்து குடிக்கிறதுக்கு முந்தியே நாலு தடவை போயிருந்தேன். விடியறதுக்குள்ள."

"நான் கேட்டேனேடா! இளக்கம் உண்டான்னு ஒங்கிட்ட கேட்டேனே!"

"கேட்டீங்க. உண்டுன்னு சொன்னா மருந்து குடுக்க மாட்டீங்க. போன வருஷம் மாதிரி, போயித் துணி குடுத்துட்டு வான்னு அனுப்பிருவீங்க." அவன் கஞ்சிக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒங்க மூணு பேரோடதும் பலகைல இருக்கும். எனக்கு இருக்காது."

மீனாட்சிக்கு வந்த ஆத்திரத்தில் அவன் மொட்டைத் தலையில் இரண்டு அடி போட்டாள். "எரும! அறிவு கெட்டவனே! ஒடைஞ்ச கரைல நானே மம்பட்டியப் போட்டுருக்கேனே, ஒன்னக் கொன்னுருப்பேனேடா" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். அந்த இரண்டு பிள்ளைகளுக்குப் பிறகு அவள் அப்படி அழுது யாரும் பார்த்ததில்லை. தங்கராஜு கிண்ணத்தைப் பிடித்தபடி அடி வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பின்வாசலில் ஈரத்துணி மூட்டையோடு வந்து நின்ற பிச்சைமுத்து எல்லாவற்றையும் கேட்டார். மூட்டையை இறக்கிவைத்துவிட்டு மறுபடி துறைக்கே போய்விட்டார்.

அடுத்த ஐப்பசியில் ஆறு சிவந்தது. மரைக்காயர் கடையிலிருந்து நாலு பேருக்கு மருந்து வந்தது. நெய்யும் வேதுவும் முடிந்து, ஐந்தாம் நாள் விடியற்காலையில் மீனாட்சி பலகையை எடுத்தாள். வருஷம் முழுக்க அடுப்படிப் புகையிலும் மழைச் சாரலிலும் இருந்ததில் கரியால் போட்டதெல்லாம் போய்விட்டது. பெருக்கல் இல்லை, வட்டம் இல்லை, மூன்று புள்ளி இல்லை. தங்கராஜுவின் பிறை மட்டும் தனியாக நின்றது.

அவள் டம்ளர்களை வரிசையாக வைத்துவிட்டுக் கேட்டாள். பிச்சைமுத்துவுக்கு ஒன்றுமில்லை. நல்லமுத்துவுக்கு ஒன்றுமில்லை. தங்கராஜு கொஞ்சம் தயங்கினான்.

"ரெண்டு தடவை போச்சுக்கா. நேத்து அந்த ரம்புத்தான் தின்னதுல..."

"அப்ப ஒனக்கு இன்னிக்கு மருந்து கெடையாது" என்றாள் மீனாட்சி. அவன் டம்ளரை எடுத்துச் செடியில் ஊற்றினாள். அவன் சரியென்று எழுந்தான். இஸ்திரி மேசைப் பக்கம் போய், கொடுக்க வேண்டிய துணி மூட்டையைத் தூக்கக் குனிந்தான்.

"அது கெடக்கட்டும். இங்க வந்து ஒக்காரு" என்றார் பிச்சைமுத்து.

மற்ற மூவரும் மருந்தைக் குடித்ததும் அவர் மாடத்திலிருந்து சேங்கொட்டையையும் ஊசியையும் எடுத்து வந்தார். பலகையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டே பிடித்து, பிறைக்கு இந்தப் பக்கம் ஒரு பெருக்கல் போட்டார். அந்தப் பக்கம் ஒரு வட்டமும் மூன்று புள்ளியும் போட்டார். சுண்ணாம்புத் தண்ணீரைத் தொட்டு மூன்றின் மேலும் தடவினார். அது கறுப்பாக ஏறும் வரை ஊதிக்கொண்டிருந்தார்.

பிறகு பலகையைத் தூணில் சாய்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாழை மரத்துப் பக்கம் ஓடினார். அன்று கோடு போடுகிற வேலையைத் தங்கராஜு பார்த்தான். மூன்று அடையாளத்தின் கீழே கோடுகள் ஏறிக்கொண்டே இருந்தன. அவனுடையதின் கீழே ஒன்றுகூட இல்லை.